மருத்துவமனைச் சேவையின் தரமும் நோயாளிகளின் திருப்தியும்: சேலம் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நாமக்கல், தருமபுரி, கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். ஐந்து ரோட்டைச் சுற்றித் தனியார் மருத்துவமனைகளின் பெயர்ப்பலகைகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் எந்த மருத்துவமனை எதில் நல்லது என்று தெரிந்துகொள்ள விரும்புபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பக்கத்து வீட்டாரின் அனுபவமும் ஆட்டோ ஓட்டுநரின் பரிந்துரையும்தான். மருத்துவமனைத் தரப் பிரிவில் வேலை செய்பவன் என்ற முறையில், உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மருத்துவமனையின் தரம் என்று எதைச் சொல்கிறார்கள்?

இந்தத் துறையில் இன்றும் எல்லோரும் பயன்படுத்தும் பகுப்பை 1966-ஆம் ஆண்டு வெளியான ஒரு கட்டுரையில் அவேடிஸ் டோனபீடியன் என்ற மருத்துவர் முன்வைத்தார். அவர் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஓமலூரிலிருந்து பிரசவத்துக்கு வரும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனையில் ரத்த வங்கி உண்டா, இரவில் மயக்க மருந்து நிபுணர் இருக்கிறாரா என்பவை அமைப்பு. பிரசவ வலி தொடங்கியதிலிருந்து குழந்தையின் இதயத் துடிப்பையும் தாயின் ரத்த அழுத்தத்தையும் உரிய இடைவெளியில் பார்த்துக் குறித்தார்களா, குழந்தை பிறந்தவுடன் ரத்தப்போக்கைத் தடுக்கும் ஊசியைப் போட்டார்களா என்பவை செயல்முறை. தாயும் சேயும் நலமாக வீடு திரும்பினார்களா என்பது விளைவு.

மூன்றில் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு கட்டுவதுதான் பொதுவாக நடக்கும் பிழை. பளிங்குத் தரையும் புதிய ஸ்கேன் இயந்திரமும் அமைப்பைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. பெரும்பாலான விளம்பரங்கள் அமைப்போடு நின்றுவிடுவதற்குக் காரணம், அதைப் படம் பிடிப்பது எளிது என்பதுதான்.

நோயாளி திருப்தியாக வீடு திரும்பினால் சிகிச்சை நன்றாக இருந்தது என்றுதானே பொருள்?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆனால் திருப்தியைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று சில மருத்துவர்கள் சொல்வதையும் நான் ஏற்பதில்லை. நோயாளியால் பார்க்க முடிந்தவை சில உண்டு, பார்க்க முடியாதவை சில உண்டு. இரண்டையும் கலந்துவிட்டால்தான் குழப்பம் வருகிறது.

குடல்வால் அறுவை சிகிச்சைக்கு வரும் ஒருவருக்குத் தோலைக் கீறுவதற்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள் நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்து செலுத்தப்பட்டதா என்பது முக்கியமான தர அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில் இதுவும் ஒரு கேள்வி. மயக்கத்தில் இருக்கும் நோயாளியிடம் இதைக் கேட்டுப் பயனில்லை. கேஸ் ஷீட்டைத்தான் பார்க்க வேண்டும். அதே நோயாளியிடம், எந்த மாத்திரையை எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று யாராவது விளக்கினார்களா, வலிக்கிறது என்று சொன்னபோது எவ்வளவு நேரத்தில் வந்து பார்த்தார்கள், கழிப்பறையில் தண்ணீர் வந்ததா என்று கேட்டால், அவரைவிட நம்பகமான சாட்சி கிடையாது. இவற்றைக் கேஸ் ஷீட் சொல்லாது.

ஆய்வுகளும் இரு பக்கமும் பேசுகின்றன. அமெரிக்காவில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, நோயாளிகள் அதிக மதிப்பெண் கொடுத்த மருத்துவமனைகளில் மாரடைப்பு, நிமோனியா போன்ற நோய்களுக்கான சிகிச்சை முறைகளும் ஓரளவு சிறப்பாகவே பின்பற்றப்பட்டன என்று கண்டது. 2012-இல் அங்கேயே வெளியான இன்னோர் ஆய்வில், தங்கள் மருத்துவர்களிடம் மிக அதிகத் திருப்தி கொண்டிருந்த பிரிவினருக்கு, மிகக் குறைந்த திருப்தி கொண்டிருந்தவர்களைவிட மருத்துவச் செலவும் கூடுதலாக இருந்தது, இறப்பு அபாயமும் 26 சதவீதம் கூடுதலாக இருந்தது. திருப்திதான் இறப்புக்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. இருந்தாலும், தலைவலி என்று வருபவருக்கு அவர் கேட்ட ஸ்கேனையும், சளி என்று வருபவருக்கு அவர் விரும்பிய ஊசியையும் கொடுத்துவிட்டால் திருப்தி மதிப்பெண் உயரும் என்பதை நம் ஊர் கிளினிக்குகளில் ஒரு மாலை நேரம் உட்கார்ந்திருந்தவர்கள் அறிவார்கள்.

கருத்துப் படிவத்தை எப்போது கொடுக்க வேண்டும்?

வீட்டுக்குப் போகும் அவசரத்தில் கொடுக்கக் கூடாது. நம் மருத்துவமனைகளில் வழக்கமாக நடப்பது இதுதான்: காப்பீட்டு ஒப்புதல் வருவதற்காகக் காலையிலிருந்து காத்திருக்கும் மகன், ஒரு கையில் மருந்துப் பையும் மறு கையில் எக்ஸ்ரே கவருமாக பில்லிங் கவுன்டரில் நிற்கிறார், கவுன்டரில் இருப்பவர், "சார், இதுல ஒரு டிக் மட்டும் போட்டுடுங்க" என்று படிவத்தை நீட்டுகிறார். மகன் அதைக் கவுன்டரின் மேலேயே வைத்து, பன்னிரண்டு கேள்விகளுக்கும் 'மிக நன்று' என்ற கட்டத்தின் வழியாக மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். இப்படி நிரம்பும் படிவங்களைக் கூட்டி வகுத்து, '97 சதவீதத் திருப்தி' என்று வரவேற்பறையில் எழுதி வைப்பதற்கு ஆகும் சுண்ணாம்பும் வீண்தான்.

அமெரிக்காவில் அரசு நடத்தும் நோயாளி அனுபவக் கணக்கெடுப்பில், நோயாளி வீடு திரும்பி 48 மணி நேரம் கழிந்த பிறகே தொடர்புகொள்ள வேண்டும், 6 வாரத்துக்குள் தொடர்புகொண்டுவிட வேண்டும் என்று விதி வகுத்திருந்தார்கள். வீட்டுக்குப் போன பிறகுதான் சில குறைகள் தெரியவரும். தையலைப் பிரிக்க எப்போது வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை என்பது கவுன்டரில் நிற்கும்போது நினைவுக்கு வராது. நான்காம் நாள் தையல் சிவந்து வீங்கும்போதுதான் வரும். ஆகவே, வீடு திரும்பிய சில நாள் கழித்து, அந்த வார்டில் வேலை செய்யாத ஒருவர் தொலைபேசியில் கேட்பதே மேல். யார் கேட்கிறார் என்பதும் முக்கியம். மறுபடியும் அதே மருத்துவரிடம், அதே சிஸ்டரிடம் வர வேண்டியவர், அவர்கள் முகத்துக்கு நேராகக் குறை சொல்வாரா?

எல்லோரும் "நல்லா பார்த்துக்கிட்டாங்க" என்றுதான் சொல்கிறார்கள். பிறகு எப்படிக் குறை தெரியும்?

கேள்வியை மாற்றினால் தெரியும். நம் மக்கள், குறிப்பாக வயதானவர்கள், உயிரைக் காப்பாற்றியவர்களைக் குறை சொல்வதை நன்றி கெட்ட செயலாக நினைப்பவர்கள். ஏற்காட்டுக்கு மேலே உள்ள ஒரு கிராமத்திலிருந்து இடுப்பெலும்பு முறிந்து கீழே வந்திருந்த ஒரு பாட்டியிடம் கவனிப்பு எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "எல்லாம் நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க கண்ணு" என்றார். "ராத்திரி பாத்ரூம் போறதுக்கு யாரைக் கூப்பிட்டீங்க பாட்டி?" என்று கேட்டபோது வந்த பதில்: "யாரையும் கூப்பிடலை. அவங்களுக்கும் வேலை இருக்குமில்ல. காலையில மக வர்ற வரைக்கும் அடக்கிக்கிட்டுக் கெடந்தேன்." முதல் கேள்வி மட்டும் படிவத்தில் இருந்திருந்தால் அந்த வார்டுக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

எனவே திருப்தியைக் கேட்பதைவிட, நடந்ததைக் கேட்பது நல்லது. அமெரிக்கக் கணக்கெடுப்பிலும் முக்கியமான கேள்விகள் இந்த வடிவத்தில்தான் உள்ளன. செவிலியர்கள் நீங்கள் சொன்னதைக் கவனமாகக் கேட்டார்களா என்ற கேள்விக்கு 'ஒருபோதும் இல்லை', 'சில நேரங்களில்', 'பெரும்பாலும்', 'எப்போதும்' என்று நான்கு விடைகள். பொதுமக்களுக்கு வெளியிடும்போது 'எப்போதும்' என்றவர்களின் சதவீதம் முன்னிறுத்தப்படுகிறது. நம் ஊருக்கு இவற்றோடு வேறு சில கேள்விகளும் தேவை. ஸ்ட்ரெச்சர் தள்ளியவரோ, குழந்தையை முதலில் கொண்டுவந்து காட்டியவரோ காசு கேட்டாரா? வெளியே உள்ள கடையில் மருந்தோ கையுறையோ வாங்கிவரச் சொன்னார்களா? உடனிருந்தவர் இரவில் எங்கே படுத்தார்? இக்கேள்விகள் இல்லாத படிவம் எந்த நாட்டிலிருந்து வந்திருந்தாலும் இங்கே பாதிப் படிவம்தான்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் படிவத்தைக் கொடுப்பதில் பொருளில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்குப் பதிலாகப் பேரன் நிரப்பும் படிவம் பேரனின் கருத்துதான்.

எத்தனை பேரிடம் கேட்டால் போதும்?

நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல் யாரையும் விலக்காமல் தேர்ந்தெடுத்தால், சுமார் 96 பேரின் பதில் பத்து சதவீதப் புள்ளிகள் மேலே கீழே என்ற துல்லியத்தையும், 385 பேரின் பதில் ஐந்து சதவீதப் புள்ளிகள் துல்லியத்தையும் தரும். அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஒரு மருத்துவமனை நான்கு காலாண்டுகளில் 300 முழுமையான பதில்களையாவது பெற வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

சிறிய எண்ணிக்கையின் ஆபத்தை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். ஓர் அறுவை சிகிச்சையை 20 பேருக்குச் செய்து 2 பேருக்குச் சீழ் பிடித்தால் அது 10 சதவீதம்; 200 பேருக்குச் செய்து 20 பேருக்குச் சீழ் பிடித்தாலும் 10 சதவீதம்தான். ஆனால் முதல் மருத்துவமனையின் உண்மையான விகிதம் 1 சதவீதத்திலிருந்து 32 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டாவதில் அது ஏறத்தாழ 6 முதல் 15 சதவீதத்துக்குள் அடங்கும். எனவே யாராவது ஒரு சதவீதத்தைச் சொன்னால், அது எத்தனை பேரில் என்று உடனே கேளுங்கள்.

கூகுள் வரைபடத்தில் உள்ள நட்சத்திரங்களை நம்பலாமா?

வாகன நிறுத்துமிடம், காத்திருக்கும் நேரம், வரவேற்பறைப் பணியாளரின் பேச்சு ஆகியவற்றைப் பற்றி ஓரளவு நம்பலாம். சிகிச்சையைப் பற்றி நம்ப முடியாது. அங்கே எழுதுபவர்கள் பெரும்பாலும் மிகவும் மகிழ்ந்தவர்களும் மிகவும் கோபப்பட்டவர்களும்தான். நடுவில் இருக்கும் பெருங்கூட்டம் எழுதுவதே இல்லை.

இறப்பு விகிதம் அதிகமாக உள்ள மருத்துவமனை மோசமானதா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1863-இல் மருத்துவமனைகளைப் பற்றி எழுதிய நூலில் ஓர் அட்டவணை உண்டு. லண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் 90.84 சதவீதம் என்கிறது அது. எப்படி வந்தது அந்த எண்? 1861 ஏப்ரல் 8 அன்று அம்மருத்துவமனைகளில் இருந்த நோயாளிகள் 4,214 பேர். அந்த ஆண்டு முழுவதும் அங்கே இறந்தவர்கள் 3,828 பேர். இதை அதனால் வகுத்திருந்தார்கள். ஒரு நாளில் இருந்தவர்களைக் கோட்டுக்குக் கீழேயும், ஓராண்டில் இறந்தவர்களை மேலேயும் வைத்தால் எந்த மருத்துவமனையும் கொலைக்களம் போலத்தான் தெரியும். ஆண்டு முழுவதும் சிகிச்சை பெற்றவர்களின் எண்ணிக்கையால் வகுத்திருக்க வேண்டும் என்று லண்டன் மருத்துவர்கள் அப்போதே எதிர்த்து எழுதினார்கள். 160 ஆண்டுகள் கடந்தும் அந்தச் சண்டை தீரவில்லை. இன்றும் எந்த விகிதத்தைப் பார்த்தாலும் முதலில் கவனிக்க வேண்டியது கோட்டுக்குக் கீழே உள்ள எண்ணைத்தான்.

அடுத்தது, யார் வருகிறார்கள் என்பது. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மற்ற மருத்துவமனைகள் கைவிட்டு அனுப்பும் நோயாளிகள், தேசிய நெடுஞ்சாலை விபத்தில் அடிபட்டவர்கள், பூச்சிமருந்து குடித்தவர்கள், பாம்பு கடித்து நேரம் கடந்து வருபவர்கள் எல்லோரும் வருகிறார்கள். நாள் குறித்துக் கண்புரை நீக்கும் ஒரு மருத்துவமனையோடு அதன் இறப்பு விகிதத்தை ஒப்பிடுவது அநியாயம். வயது, நோயின் தீவிரம், உடனிருக்கும் சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு, இப்படிப்பட்ட நோயாளிகளில் எத்தனை பேர் இறந்திருக்கக்கூடும் என்று முதலில் மதிப்பிட்டு, அதோடு உண்மையில் இறந்தவர்களின் எண்ணிக்கையை ஒப்பிடும் முறையைத்தான் அபாயச் சரிக்கட்டல் என்கிறோம்.

நியூயார்க் மாநிலம் 1989 முதல் இதய பைபாஸ் அறுவை சிகிச்சைகளுக்கு இவ்வாறு கணக்கெடுத்தது. ஒரு செய்தித்தாள் நீதிமன்றம் சென்றதால் 1991-இல் தனித்தனி அறுவை சிகிச்சை நிபுணர்களின் விவரமும் வெளியானது. 1989-க்கும் 1992-க்கும் இடையில் சரிக்கட்டிய இறப்பு விகிதம் 4.17 சதவீதத்திலிருந்து 2.45 சதவீதமாகக் குறைந்தது. பெரிய வெற்றி என்று தோன்றும். அதில் உண்மையும் உண்டு. ஆனால் நியூயார்க், பென்சில்வேனியா ஆகிய இரு மாநிலங்களைப் பற்றி 2003-இல் வெளியான ஆய்வு, இப்படி வெளியிட்டதால் மிகவும் நலிந்த நோயாளிகளை எடுத்துக்கொள்ள மருத்துவமனைகள் தயங்கின என்ற முடிவுக்கு வந்தது.

நம் ஊரில் இந்தத் தயக்கத்துக்கு வேறொரு வடிவம் உண்டு. நள்ளிரவில் "இனிமே இங்க ஒண்ணும் பண்ண முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டால், அந்த இறப்பு அந்த மருத்துவமனையின் கணக்கில் வராது. மருத்துவ ஆலோசனைக்கு மாறாக நோயாளியே வெளியேறினார் என்று எழுதி வாங்கிக்கொண்டால், அவரும் கணக்கில் வரமாட்டார். எனவே இறப்பு விகிதத்தோடு, வேறிடத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர், எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறியவர்கள் எத்தனை பேர் என்ற இரு எண்களும் பக்கத்தில் இருந்தால்தான் அந்த அறிக்கையைப் படிக்க முடியும். சிகிச்சைத் தரத்தைப் பற்றி எனக்கு ஒரே ஓர் அட்டவணைதான் காட்டுவார்கள் என்றால், நான் கேட்பது வெளியேறியவர்களின் அட்டவணையைத்தான்.

சிசேரியன் விகிதம் ஒரு தர அளவுகோலா?

ஆம், ஆனால் தனியாக நிற்கும் அளவுகோல் இல்லை. 2019-21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் மூலம் நடந்தன. தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். இந்திய சராசரி 21.5 சதவீதம். சிக்கலான பிரசவங்கள் பெரிய அரசு மருத்துவமனைகளுக்கே அனுப்பப்படும் நிலையில், தனியாரில் விகிதம் கூடுதலாக இருப்பதை நோயாளிகளின் நிலையைக் காட்டி மட்டும் நியாயப்படுத்த முடியாது என்பது என் கருத்து. நியாயமாக ஒப்பிடுவதற்கு உலக சுகாதார நிறுவனம் ராப்சன் வகைப்பாட்டைப் பரிந்துரைக்கிறது. முதல் பிரசவமா, முன்பு சிசேரியன் நடந்ததா, குழந்தையின் தலை கீழ்நோக்கி இருக்கிறதா, இரட்டையா, வலி தானாக வந்ததா என்பவற்றைக் கொண்டு எல்லாக் கர்ப்பிணிகளையும் பத்துக் குழுக்களாகப் பிரிக்கிறது அது. முதல் பிரசவம், நிறைமாதம், ஒற்றைக் குழந்தை, தலை கீழே, தானாக வந்த வலி என்ற முதல் குழுவில் சிசேரியன் எத்தனை என்று கேட்டால், சாக்குப்போக்குக்கு அதிக இடமிருக்காது.

"எங்களிடம் தொற்றே இல்லை" என்று ஒரு மருத்துவமனை சொன்னால்?

தேடவில்லை என்று பொருள் கொள்ளலாம். மருத்துவமனையில் தொற்றும் நோய்களை எண்ணுவதற்கென்று ஒரு செவிலியர் தினமும் ஐ.சி.யு.-வைச் சுற்றிவர வேண்டும். ஆய்வகத்துக்கு மாதிரிகள் போக வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்து போனவர்களிடம் முப்பது நாள் வரை புண்ணைப் பற்றி விசாரிக்க வேண்டும். குழாய்களாலும் கருவிகளாலும் வரும் தொற்றின் விகிதத்தை நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுப்பதில்லை. சிறுநீர்க் குழாய் எத்தனை நாட்கள், செயற்கைச் சுவாசக் கருவி எத்தனை நாட்கள் பொருத்தப்பட்டிருந்தன என்று கூட்டி, ஆயிரம் குழாய் நாட்களுக்கு, ஆயிரம் கருவி நாட்களுக்கு எத்தனை தொற்று என்று சொல்வார்கள். ஓர் எண்ணைச் சொல்லி, அதைக் குறைக்க என்ன செய்கிறோம் என்றும் சொல்லும் மருத்துவமனையை, பூஜ்யம் சொல்லும் மருத்துவமனையைவிட நான் நம்புவேன்.

வாசலில் மாட்டியிருக்கும் சான்றிதழ்கள் எதைக் காட்டுகின்றன?

அரசு மருத்துவமனைகளுக்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2013-இல் கொண்டுவந்த தேசியத் தர உறுதி நெறிமுறைகள் உள்ளன. சேவை வழங்கல், நோயாளி உரிமைகள், வளங்கள், துணைச் சேவைகள், மருத்துவக் கவனிப்பு, தொற்றுக் கட்டுப்பாடு, தர மேலாண்மை, விளைவு என்ற எட்டுத் தலைப்புகளின் கீழ், ஒவ்வொரு சோதனைப் புள்ளிக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் போடுவார்கள். நேரில் பார்ப்பது, ஊழியர்களிடம் கேட்பது, பதிவேடுகளைப் புரட்டுவது, நோயாளிகளிடம் கேட்பது என்ற நான்கு வழிகளில் ஆய்வு நடக்கும். தேசியச் சான்றிதழுக்கு மொத்தத்தில் 70 சதவீதமாவது தேவை. 2015-இல் தொடங்கிய காயகல்ப் விருது முக்கியமாகத் தூய்மை, கழிவு மேலாண்மை, தொற்றுக் கட்டுப்பாடு பற்றியது. 2017-இல் தொடங்கிய லக்‌ஷ்யா பிரசவ அறைக்கும் மகப்பேறு அறுவை அரங்குக்கும் உரியது. தனியார் மருத்துவமனைகள் பெரும்பாலும் இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் இயங்கும் என்.ஏ.பி.எச். அங்கீகாரத்தைப் பெறுகின்றன.

இவை எல்லாம் பயனுள்ளவை. ஆய்வு நாளுக்கு முந்தைய வாரம் சுவருக்கு வெள்ளை அடிப்பதும் பழைய பதிவேடுகளை நிரப்புவதும் நடக்காமல் இல்லை. ஆனாலும் அந்த ஒரு வாரத்தில் வாங்கிய கை கழுவும் திரவமும் குப்பைக்கான நிறம் பிரித்த வாளிகளும் பிறகும் அங்கேயே இருக்கும். சான்றிதழில் காலாவதித் தேதியைப் பாருங்கள். மருத்துவமனை முழுவதற்குமா, ஆய்வகத்துக்கு மட்டுமா என்பதையும் பாருங்கள்.

ஏற்காடு போன்ற மலைப்பகுதியில் உள்ள சிறிய மருத்துவமனையை எப்படி அளப்பது?

சேலத்தில் உள்ள பெரிய மருத்துவமனையின் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் பயனில்லை. மாதத்துக்குச் சில பிரசவங்களே நடக்கும் இடத்தில் இறப்பு விகிதம் எதையும் சொல்லாது. ஆண்டு முழுவதும் ஓர் இறப்பும் நிகழாமல் போகலாம், ஒன்று நிகழ்ந்தால் விகிதம் வானத்துக்கு ஏறிவிடும். அங்கே அளக்க வேண்டியவை வேறு. ஆபத்தான அறிகுறி தென்பட்டதற்கும் 108 ஆம்புலன்ஸ் புறப்பட்டதற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆயிற்று? கீழே அனுப்பும் முன் ரத்த அழுத்தத்துக்கும் வலிப்புக்கும் உரிய முதல் மருந்து கொடுக்கப்பட்டதா? கூட ஒரு செவிலியர் வந்தாரா, கையில் குறிப்புச் சீட்டு இருந்ததா, சேலத்தில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே தகவல் போனதா? மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை அடைபட்டால் குப்பனூர் வழியாகச் செல்ல ஏற்பாடு இருந்ததா?

பேறுகால நாள் நெருங்கும் பழங்குடிப் பெண்களை மருத்துவமனைக்கு அருகில் முன்கூட்டியே தங்கவைக்கும் காத்திருப்பு அறைகள் தமிழகத்தின் மலைப்பகுதிகளில் உள்ளன. அவற்றில் எத்தனை பேர் தங்கினார்கள் என்பதோடு, தங்க அழைத்தும் வராதவர்கள் ஏன் வரவில்லை என்பதையும் கேட்க வேண்டும். காபித் தோட்டக் கூலியை இழக்க முடியாது, வீட்டில் மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்ற பதில்கள் எந்தத் திருப்திப் படிவத்திலும் வராது, ஏனென்றால் வராதவர்களிடம் யாரும் படிவம் கொடுப்பதில்லை.

கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்குள் திரும்பிவிடும் மலைவாசி நோயாளியும் இப்படித்தான் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்.

எண்களை வெளியிடச் சொன்னால் மருத்துவமனைகள் எண்ணை மட்டும் சரிசெய்துகொள்ளாதா?

செய்துகொள்ளும், நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் மிட் ஸ்டாஃபோர்ட்ஷையர் மருத்துவமனை அமைப்பு 2008-இல் உயர்நிலைத் தகுதியையே பெற்றது. அதே ஆண்டுகளில் அங்கே நோயாளிகள் அழுக்கிலும் தாகத்திலும் கிடந்தார்கள் என்பதை 2013 பிப்ரவரியில் வெளியான ராபர்ட் பிரான்சிஸ் விசாரணை அறிக்கை விரிவாகச் சொன்னது. அவசரப் பிரிவில் நான்கு மணி நேரத்துக்குள் நோயாளியைப் பார்த்து அனுப்ப வேண்டும் என்ற இலக்கும் நிதிச் சிக்கனமும் அங்கே கவனிப்பைவிடப் பெரிதாகிவிட்டிருந்தன. அதை வெளிக்கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் நோயாளிகளின் குடும்பத்தினர். எண்கள் பச்சை நிறத்தில் இருக்கும்போதும் வார்டில் அழுகுரல் கேட்டால், அழுகுரலைத்தான் நம்ப வேண்டும்.

நம் ஊர் மருத்துவமனைகள் இந்த விவரங்களை வெளியிட வேண்டியது கட்டாயமா?

அமெரிக்காவில் 2008 முதல் நோயாளி அனுபவ மதிப்பெண்கள் மருத்துவமனை வாரியாக வெளியாகின்றன. இங்கே அதுபோல் எல்லா மருத்துவமனைகளும் சிகிச்சை விளைவுகளைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அரசு மருத்துவமனைகளிடம் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்து, பொதுத் தகவல் அலுவலரிடமிருந்து 30 நாளில் பதில் பெறலாம். தனி நோயாளியின் விவரத்தைக் கேட்கக் கூடாது. ஓராண்டில் எத்தனை பிரசவம், எத்தனை சிசேரியன், எத்தனை பேர் வேறிடத்துக்கு அனுப்பப்பட்டனர் என்று தொகைகளைக் கேட்கலாம்.

எனக்கு நேர்ந்த குறையைக் கருத்துப் படிவத்தில் எழுதினால் போதுமா?

போதாது. கருத்துக் கணிப்பு என்பது பலரின் அனுபவத்தைச் சேர்த்துப் பார்ப்பதற்கு. ஒருவருக்கு நேர்ந்த பாதிப்பைத் தீர்ப்பதற்கு அதில் வழியில்லை. அரசு மருத்துவமனை என்றால் அதன் டீன் அல்லது கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்; 104 என்ற எண்ணிலும் புகார் செய்யலாம். கட்டணம் வாங்கும் மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சேவை தரும் மருத்துவமனைகள் அதில் வராது. சேலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டுகள் கால வரம்பு உண்டு.

எந்த வழியில் போனாலும் முதலில் தேவைப்படுவது கேஸ் ஷீட்டின் நகல். நோயாளியோ அவர் அங்கீகரித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைக் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகளில் உள்ளது. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். அது இரண்டு பக்கச் சுருக்கம்தான். செவிலியர் குறிப்புகள், மருந்து கொடுத்த நேர அட்டவணை, மயக்க மருந்துப் பதிவு, அறுவை சிகிச்சைக் குறிப்பு ஆகிய எல்லாவற்றையும் பெயர் சொல்லி, தேதியிட்ட கடிதத்தில் கேளுங்கள்.